சூரியோதயப் படத்தின் கீழே எழுத வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் ஜூன் 21-ஐ ஒட்டித் தங்கள் நாளிதழின் உலகச் செய்திப் பக்கத்தில் ஒரு படம் வருகிறது. இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் கற்களுக்கு நடுவே வெள்ளை அங்கி அணிந்த சிலர் கைகளை உயர்த்தி நிற்பார்கள். பின்னால் சூரியன் எழுந்துகொண்டிருக்கும். கீழே ஐயாயிரம் ஆண்டுப் பழமையான வழிபாடு என்றோ, ஆதி மதத்துக்குத் திரும்பும் ஐரோப்பியர் என்றோ ஒரு வரி இருக்கும். அக்டோபர் இறுதியில் ஏறத்தாழ அதே மக்களைப் பற்றி இன்னொரு செய்தி வரும். அதற்குள் அவர்கள் சூனியக்காரிகள் ஆகிவிட்டிருப்பார்கள்.

இந்த இரண்டு வர்ணனைகளும் பிழை என்பதைச் சொல்லவே இக்கடிதம். நான் ஸ்டோன்ஹெஞ்ச் இருக்கும் வில்ட்ஷயர் வட்டாரத்தில் நெடுங்காலமாகக் குடியிருப்பவன். கிறித்தவத்துக்கு முந்தைய தெய்வங்களையும் இயற்கையையும் போற்றும் பேகன் சமயத்தைச் சேர்ந்தவன் அல்லேன்; வீட்டில் முருகன் படத்துக்கு விளக்கேற்றுகிறவன். எங்கள் ஊர்ப் பொதுமண்டபத்தை வாடகைக்கு விடும் பொறுப்பு என்னிடம் இருப்பதால், பேகன் குழுக்கள் தங்கள் சடங்குகளை எப்படித் திட்டமிடுகின்றன என்பதைப் புகைப்படக்காரர்கள் எட்டிப்பார்க்காத பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். அவர்கள் செய்வது வழிவழியாக வந்த சடங்கு அன்று. பெரும்பாலும் பெயரும் ஊரும் தெரிந்த மனிதர்கள், அண்மைக் காலத்தில், உட்கார்ந்து எழுதி அமைத்த சடங்கு. அது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் மனம் ஒப்பிச் செய்கிறார்கள் என்பதுதான் செய்தி. தங்கள் நாளிதழ் தவறவிடுவதும் அதைத்தான்.

முதலில் கற்களின் வயதைப் பார்ப்போம். ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்கள் கி.மு. 2500-ஐ ஒட்டி நிறுத்தப்பட்டவை. ட்ரூயிட் என்ற பூசாரி வகுப்பினரைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதியது கி.மு. முதல் நூற்றாண்டில். நடுவே இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி கிடக்கிறது. இந்தக் கற்களை ட்ரூயிட்களோடு முடிச்சுப் போட்டவர்கள் 17-ஆம் நூற்றாண்டின் ஜான் ஆப்ரியும் அடுத்த நூற்றாண்டின் வில்லியம் ஸ்டக்லியும். இருவரும் பழம்பொருள் ஆராய்ச்சியில் நாட்டம் கொண்ட ஆங்கிலேயர்கள். படத்தில் காணும் வெள்ளை அங்கிக்கோ, வெள்ளை உடுத்திய ட்ரூயிட் ஒருவர் ஓக் மரத்தில் ஏறிப் பொன் அரிவாளால் புல்லுருவியை அறுத்ததாக ரோமானியரான பிளினி எழுதிவைத்த ஒரு பத்திதான் மூலம். கற்களை எழுப்பியவர்கள் என்ன மொழி பேசினார்கள், எந்தத் தெய்வத்தை எந்தப் பெயரிட்டு அழைத்தார்கள் என்பதற்கு ஒரு சொல்கூட மிஞ்சவில்லை.

கொண்டாடும் வேளையே கூட ஐயத்துக்குரியது. ஸ்டோன்ஹெஞ்சின் அச்சு கோடையின் உச்சநாள் விடியலையும் குளிர்காலத்தின் குறுநாள் அந்தியையும் ஒரே நேர்கோட்டின் இரு முனைகளாகக் கொண்டிருக்கிறது. அருகிலுள்ள டரிங்டன் வால்ஸ் குடியிருப்பில் கிடைத்த பன்றிப் பற்களை ஆராய்ந்தவர்கள், அந்தப் பன்றிகளில் பல ஏறத்தாழ ஒன்பது மாத வயதில் வெட்டப்பட்டவை என்றும், வசந்தத்தில் ஈன்ற குட்டிகளாயின் விருந்து நடந்தது நடுக்குளிர்காலத்தில்தான் என்றும் சொல்கிறார்கள். ஆகவே கற்காலத்தவர் பெரிதாகக் கொண்டாடியது டிசம்பர் மாலையாக இருந்திருக்கலாம். இன்றைய பெருங்கூட்டம் ஜூன் விடியலில் திரள்கிறது. டிசம்பரிலும் அது கூடுவது காலையில்தான். எனக்கு இது சற்று வேடிக்கையாகவே படுகிறது, ஆனால் அங்கு வருகிறவர்களில் விவரம் அறிந்த பலர் இதை ஒளிக்காமல் தாங்களே சொல்லிச் சிரிக்கிறார்கள்.

சடங்கில் சொல்லும் சொற்களின் கதை இன்னும் சுவையானது. நான்கு திசைகளையும் நோக்கி அமைதி உண்டா என்று உரக்கக் கேட்டுத் தொடங்கும் வழக்கமும், ட்ரூயிட் குழுக்கள் பலவற்றில் இன்றும் ஒலிக்கும் ஒரு பிரார்த்தனையும், அயோலோ மார்கன்விக் என்று பெயர் வைத்துக்கொண்ட வேல்ஸ் நாட்டுக் கல்தச்சர் எட்வர்டு வில்லியம்ஸ் தந்தவை. அவர் 1792-இல் லண்டனின் பிரிம்ரோஸ் குன்றில் தம் முதல் கூட்டத்தை நடத்தினார். பண்டைய வேல்ஸ் ஏடுகளில் கண்டெடுத்ததாகச் சொல்லி அவர் வெளியிட்டவற்றில் பலவற்றை அவரே எழுதியிருந்தார் என்பதை 20-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் ஐயத்துக்கு இடமின்றி நிறுவிவிட்டார்கள். அப்படியும் அந்தப் பிரார்த்தனை கைவிடப்படவில்லை. ஏன் என்று ஒரு ட்ரூயிட் பெரியவரிடம் கேட்டேன். அது போலி ஏடு என்பது உண்மை, ஆனால் நல்ல பிரார்த்தனை என்பதும் உண்மை, எழுதியவர் பொய் சொன்னார் என்பதற்காகச் சொல்கிறவர் பொய்யராகிவிட மாட்டார் என்ற பொருளில் அவர் பதில் சொன்னார். இந்த வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. ஆனாலும் ஏமாந்தவரின் பேச்சு அது அன்று.

சூனியக்காரிகள் என்று தாங்கள் எழுதும் விக்கா மரபுக்கு வருகிறேன். இதில் தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. அந்த மரபை உலகறியச் செய்த ஜெரால்டு கார்ட்னர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இளைஞராக, இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். அதாவது நம்மவர்கள் கொழுந்து பறித்த மலைகளில் துரையாக இருந்தவர். கொழும்பில்தான் ஃபிரீமேசன் என்ற, இரகசியச் சடங்குகள் கொண்ட சங்கத்திலும் சேர்ந்தார். பிறகு மலாயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்திலும் சுங்க இலாகாவிலும் பணியாற்றி, மலாய்க் கத்திகளைப் பற்றி ஒரு நூலும் எழுதிவிட்டு, 1936-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். அழிந்ததாகக் கருதப்பட்ட பழைய சமயம் ஒன்றின் எஞ்சிய குழுவில் 1939-இல் தாம் தீட்சை பெற்றதாகப் பின்னாளில் அறிவித்தார். 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்ட பிறகு, 1954-இல் அந்தச் சமயத்தைப் பற்றி வெளிப்படையாகவே நூல் எழுதினார். சூனியக்காரிகள் என்று முற்காலத்தில் கொல்லப்பட்டவர்கள் ஒரு பழஞ்சமயத்தின் அடியார்கள் என்று மார்கரெட் மர்ரி 1921-இல் முன்வைத்த கருத்து அவருக்குத் துணையாக இருந்தது. அந்தக் கருத்தை வரலாற்றாசிரியர்கள் பின்னர் தள்ளிவிட்டார்கள். விக்கா சடங்கில் மூன்று படித் தீட்சை இருப்பதையும், வேண்டுதல்கள் பல ஃபிரீமேசன்களின் வாய்பாட்டிலேயே முடிவதையும், கத்தி ஒன்று முதன்மைக் கருவியாக இருப்பதையும் காணும்போது, அவர் வாழ்ந்து வந்த வழியெல்லாம் அந்தச் சடங்கில் தடம் பதித்திருப்பது தெரிகிறது.

கார்ட்னரின் குழுவில் 1953-இல் சேர்ந்த டோரீன் வேலியன்ட் சடங்கு நூலைப் படித்ததும், பழமையானது என்று கார்ட்னர் கொடுத்த வரிகள் பல ஆங்கில மாந்திரீக எழுத்தாளர் அலெய்ஸ்டர் குரோலியின் எழுத்துகளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பதைக் கண்டுகொண்டார். நேரில் கேட்டார். உன்னால் இதைவிட நன்றாக எழுத முடியுமானால் எழுது என்று கார்ட்னர் சொல்ல, வேலியன்ட் எழுதினார். தேவியின் வாக்காக இன்று உலகெங்கும் விக்கா குழுக்களில் படிக்கப்படும் பகுதி பெரும்பாலும் அவர் சொல்லமைப்பில் வழங்குவதே. அவர் வாழ்ந்த பிரைட்டன் நகரக் குடியிருப்புக் கட்டடத்தில் 2013-இல் நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். தங்கள் அக்டோபர்க் கட்டுரைகளில் இந்த அம்மையாரின் பெயரை நான் ஒருமுறைகூடக் கண்டதில்லை.

எட்டுத் திருநாள்கள் கொண்ட ஆண்டுச் சக்கரமும் இப்படி அமைக்கப்பட்டதுதான். அக்டோபர் 31-இல் சவ்வின், பிப்ரவரித் தொடக்கத்தில் இம்போல்க், மே முதல் நாளில் பெல்டேன், ஆகஸ்ட் முதல் நாளில் லூனசா ஆகிய நான்கும் இடைக்கால ஐரிஷ் நூல்களில் காணக் கிடைப்பவை. ஜூனிலும் டிசம்பரிலும் வரும் சூரியனின் இரண்டு கதிர்த்திருப்பங்களும், பகலும் இரவும் சமமாகும் இரண்டு சமநாள்களும் வேறு வேறு இடங்களிலிருந்து வந்தவை. எட்டையும் ஒரே மக்கள் ஒரே காலத்தில் கொண்டாடியதற்குச் சான்று இல்லை. 1950-களில் கார்ட்னரின் வட்டத்தினரும், பின்னாளில் ட்ரூயிட் சங்கம் ஒன்றை நிறுவிய அவர் நண்பர் ராஸ் நிக்கல்ஸும் இவற்றை ஒரே சக்கரமாகச் சேர்த்தார்கள். செப்டம்பர் சமநாளுக்கு மேபன் என்ற பெயரை 1970-களில் சூட்டியவர் ஏய்டன் கெல்லி என்ற அமெரிக்கர். ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோன பேகன்கள் இந்தச் சக்கரத்தையே புரட்டிப்போட்டு, இங்கே பெல்டேன் நடக்கும் வேளையில் அங்கே சவ்வின் கொண்டாடுகிறார்கள். நண்பகல் சூரியன் அங்கு வடக்கில் நிற்பதால் சடங்கில் நெருப்புக்கு உரியதாகக் கொள்ளும் திசையைத் தெற்கிலிருந்து வடக்குக்கு மாற்றியவர்களும் உண்டு. எங்கோ எழுதிவைத்ததை அப்படியே ஒப்பிக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே வராது.

பிரிஸ்டல் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ரொனால்டு ஹட்டன் இவற்றையெல்லாம் 1999-இல் ஒரு விரிவான ஆய்வாக வெளியிட்டார். கற்காலம் தொட்டு அறுபடாத தொடர்ச்சி எதுவும் இல்லை என்பது அதன் முடிவு. ஒரு சமயத்தின் தோற்றக் கதையை வரலாற்றாசிரியர் ஒருவர் இப்படிக் கலைத்துப்போட்டால் என்ன நடக்கும் என்று நம் ஊர் அனுபவத்தில் நாம் ஒன்றை எதிர்பார்ப்போம். இங்கு முணுமுணுப்பு எழுந்தது, மறுப்பு நூல்களும் வந்தன. ஆனால் பேகன்களில் பெரும் பகுதியினர் அந்த ஆய்வைப் படித்து ஏற்றுக்கொண்டு, அவரையே தங்கள் மாநாடுகளுக்கு அழைத்துப் பேசச் சொன்னார்கள். அடுத்த பெல்டேனுக்குக் குழுக்கள் வழக்கம்போல் கூடின. இங்கிலாந்து-வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கில் தம்மைப் பேகன் என்று பதிந்தவர்கள் 2011-இல் சுமார் 57,000 பேர். 2021-இல் சுமார் 74,000 பேர். விக்கா என்று தனியே பதிந்தவர்கள் இதில் சேரவில்லை. தோற்றக் கதை உடைந்ததால் யாரும் ஓடிவிடவில்லை என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

இனி நான் நேரில் கண்டது. எங்கள் மண்டபத்தை எடுக்கும் குழுவுக்குச் சவ்வின் சடங்குதான் ஆண்டின் பெரிய வேலை. சவ்வின் அக்டோபர் 31 என்றாலும், மறுநாள் அலுவலகம் இருப்பதால் அதை ஒட்டிய சனிக்கிழமையைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ஒரு முடிவிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். எனவே சனிக்கிழமை அதற்கு முன் வருகிறதா, பின் வருகிறதா என்பதைப் பொறுத்து இருட்டும் நேரம் ஒரு மணி மாறும். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது, நெருப்பை வெளியே மூட்ட முடியாதபடி மழை வந்தால் எந்தப் பகுதியை உள்ளே மாற்றுவது என்று மூன்று வாரங்களுக்கு முன்பே ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். கையில் தேநீர், நடுவில் ஒரு நோட்டு.

மண்டபத்தில் எரியும் தீபம் கூடாது என்பது எங்கள் காப்பீட்டு நிபந்தனை. கூரையில் புகை உணர்வான் இருப்பதால் சாம்பிராணியும் ஆகாது. ஆகவே மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு, தூபத்துக்குப் பதில் மூலிகை ஊறிய நீரைத் தெளிப்பது என்று மாற்றிக்கொண்டார்கள். தூய்மைப்படுத்தும் நீரில் உப்புக் கலப்பது வழக்கம். மெருகிட்ட மரத்தரையில் உப்பு விழுந்தால் தேய்த்துக் கீறும் என்று நான் சொன்னதும் ஒரு தாம்பாளத்தைக் கீழே வைத்துக்கொண்டார்கள். வட்டம் வரைந்து அதற்குள் நிற்பது விக்கா சடங்கின் அடிப்படை. வட்டத்தின் வடக்குப் பகுதி எங்கள் அவசர வழிக் கதவின் மேல் விழுந்தது. பீடத்தை அங்கு வைக்க நான் சம்மதிக்கவில்லை. அரை மணி நேர விவாதத்துக்குப் பிறகு வட்டத்தையே சிறிதாக்கினார்கள். திசைகாட்டியை வைத்துப் பார்த்தபோது மேற்கு, அதாவது நீரின் திசை, சமையலறைக் குழாய்ப் பக்கம் அமைந்ததில் எல்லோருக்கும் திருப்தி.

பங்கு பிரிப்பது அடுத்த வேலை. கிழக்கில் காற்றை, தெற்கில் நெருப்பை, மேற்கில் நீரை, வடக்கில் மண்ணை அழைக்க நான்கு பேர் வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கு ஒன்றிரண்டு வரிகளே தருகிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் மூக்குக்கண்ணாடிக்காரர்கள் திணறுவதால் வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சடிக்கிறார்கள்; மனப்பாடம் செய்தவர்கள்தாம் நன்றாகச் சொல்கிறார்கள் என்பதும் உண்மை. அப்பத்தையும் மதுவையும் பகிர்ந்துண்ணும் இடத்தில், வண்டி ஓட்டி வந்தவர்களுக்கும் குடியை விட்டவர்களுக்கும் ஆப்பிள் சாறு தனிக் கோப்பையில் இருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாதவருக்கு ஓட்ஸ் அப்பம். சக்கர நாற்காலியில் வரும் அம்மையார் ஒருவருக்காக, வட்டமாகச் சுற்றி ஆடும் பகுதியை இடத்திலேயே நின்று தாளம் தட்டுவதாக மாற்றி எழுதியிருந்தார்கள். அந்த மாற்றம் எல்லோருக்கும் பிடித்துப்போய் நிலைத்துவிட்டது.

அவர்கள் அழைத்ததால் ஒருமுறை சுவரோரம் உட்கார்ந்து முழுதும் பார்த்தேன். சவ்வின் இறந்தோரை நினைக்கும் நாள். வட்டத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக, அந்த ஆண்டில் தாம் இழந்தவர்களின் பெயரை மட்டும் சொன்னார்கள்; உறவோ விளக்கமோ சேர்க்கவில்லை. பெயர் சொல்லும்போது ஒவ்வொருவரும் கிண்ணத்திலிருந்த நீரில் ஒரு கூழாங்கல்லைப் போட்டார்கள். ஓர் இளைஞர் தம் நாயின் பெயரைச் சொன்னபோது யாரும் முகம் சுளிக்கவில்லை. ஒலிபெருக்கி இல்லை, பூசாரி என்று தனியே ஒருவர் இல்லை. முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி, தரையைத் துடைத்து, பத்து மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் மீண்டும் கூடி, சடங்கில் எது சரியாக அமையவில்லை என்று பேசினார்கள்: வடக்கை அழைத்தவர் அவசரப்பட்டார், மௌனம் நீண்டுவிட்டது, மேளம் இரண்டு பெயர்களை விழுங்கிவிட்டது. நோட்டில் திருத்தம் ஏறியது. ஐயர் வந்து நடத்திக் கொடுத்துவிட்டுப் போகும் சடங்குகளுக்குப் பழகிய எனக்கு, வழிபட்டவர்களே வழிபாட்டை இப்படித் திருத்தி எழுதுவது புதிதாக இருந்தது.

வெளியிடங்களில் செய்வது இதைவிடக் கடினம். 1974 முதல் ஸ்டோன்ஹெஞ்சில் ஆண்டுதோறும் நடந்த இலவச விழாவைத் தடுக்க, 1985 ஜூன் முதல் நாள் காவல்துறை ஒரு வண்டித் தொடரை மறித்து, வண்டிகளை நொறுக்கி, 500-க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தது. அதன் பிறகு பல ஆண்டுகள் கோடை விடியலில் கற்களை நெருங்க முடியாதபடி தடை வட்டம் இருந்தது. சாலையோரத்தில் அமைதியாகக் கூடுவது தன்னளவில் அத்துமீறல் ஆகாது என்று, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1999-இல் தீர்ப்பளித்தது. அதற்குக் காரணமான வழக்கே ஸ்டோன்ஹெஞ்ச் அருகே நடந்த கூட்டம் ஒன்றைப் பற்றியது. 2000 முதல், நினைவிடத்தைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் நிறுவனம் கதிர்த்திருப்ப நாள்களில் கட்டணமின்றி உள்ளே விடுகிறது. கல்லின் மேல் ஏறக் கூடாது, மது கூடாது, தீ கூடாது, ஒலிபெருக்கி கூடாது, கண்ணாடிப் புட்டி கூடாது. தங்கள் படத்தில் வரும் அந்த அமைதியான விடியலுக்குப் பின்னால் இத்தனை வழக்கும் பேச்சுவார்த்தையும் இருக்கின்றன. அங்கு திரளும் பல்லாயிரவரில் பெரும்பாலோர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். உண்மையாகச் சடங்கு செய்ய விரும்பும் குழுக்கள் பல அந்த நாளைத் தவிர்த்து, ஏவ்பரி கல்வட்டத்துக்கோ தம் வீட்டுத் தோட்டத்துக்கோ போய்விடுகின்றன.

விக்கா சடங்கின் கத்தியைக் கூடச் சட்டம் அறியாமல் வெளியே கொண்டுபோக முடியாது. பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதை 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் குற்றமாக்குகிறது. சமயக் காரணம் காட்டினால் அது குற்றச்சாட்டுக்கு எதிர்வாதமாகச் செல்லும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆனாலும் இருட்டில் காட்டுக்குள் காவலரிடம் இதை விளக்கிக்கொண்டிருக்க யாரும் விரும்புவதில்லை. ஒரு குச்சியையோ சுட்டுவிரலையோ வைத்து வட்டத்தை வரைந்துகொள்கிறார்கள்.

அவர்களிடம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. வெஸ்ட் கென்னட் என்னும் புதைமேட்டுக் கல்லறைக்குள் ஏற்றப்படும் சிறு மெழுகுவத்திகளால் பழங்கற்களில் கரியும் மெழுகும் படிகின்றன. மரங்களில் வேண்டுதலுக்காகக் கட்டும் துணியில் பாதி நைலான். அது மக்குவதில்லை, கிளையை இறுக்குகிறது. இயற்கையே தெய்வம் என்கிறவர்கள் இதைச் செய்வதுதான் எரிச்சலூட்டுகிறது. மூத்த குழுக்கள் புதியவர்களுக்கு முதலில் சொல்லித் தருவதே, கொண்டுபோனதையெல்லாம் திரும்பக் கொண்டுவருவது, அடுத்தவர் கட்டிய பிளாஸ்டிக் நாடாவையும் அவிழ்த்து எடுத்து வருவது. பெரும் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒரே நாளில் தீட்சை தரும் வியாபாரிகளும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தாங்கள் எழுதினால் நான் எதிர்க்கமாட்டேன்.

அரசு இவர்களை எப்படி நடத்துகிறது என்பதும் ஒரே சீராக இல்லை. ட்ரூயிட் நெட்வொர்க் என்ற அமைப்பை 2010-இல் அறக்கட்டளை ஆணையம் சமய அறக்கட்டளையாகப் பதிவு செய்தது. ஆனால் மணமக்களின் கைகளை நாடாவால் பிணைத்து நடத்தும் பேகன் திருமணம் ஸ்காட்லாந்தில் சட்டப்படி செல்லும்போது, இங்கிலாந்தில் அது மட்டும் போதாது. பதிவு அலுவலகத்தில் தனியே மணம் முடிக்க வேண்டும். திருமணச் சட்டத்தையே மாற்றி அமைக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2022-இல் பரிந்துரைத்தது. இந்த வேறுபாடு தமிழ் வாசகர்களுக்குப் புரியாத ஒன்று அன்று. 1928-இல் சுக்கிலநத்தத்தில் நடந்த முதல் சுயமரியாதைத் திருமணமும், அதன் பின் நடந்த ஆயிரக்கணக்கான திருமணங்களும், 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது நிறைவேறிய சட்டத்திருத்தம் வரும் வரை சட்டத்தின் முன் அந்தரத்தில்தான் நின்றன. அதுவும் பெயர் தெரிந்த மனிதர்கள், தெரிந்த ஆண்டில், என்ன இருக்க வேண்டும், என்ன கூடாது என்று யோசித்து அமைத்த சடங்குதான். வயது குறைவு என்பதற்காக அதை யாரும் போலி என்று சொல்வதில்லை. சொன்னால் நாம் விடமாட்டோம்.

நம்மிடையே இன்னொரு பேச்சும் உலவுகிறது. வெள்ளைக்காரனே இப்போது நம் வழிக்குத் திரும்புகிறான், அவனுக்கும் ஒரு காலத்தில் குலதெய்வமும் சூரிய வழிபாடும் இருந்தன, தேவாலயம் அழித்ததை இன்று மீட்கிறான் என்று பெருமையோடு பகிரப்படும் செய்திகளுக்குத் தங்கள் படவிளக்கங்களே விதையாகின்றன. திரும்புவதற்கு அவர்களுக்கு வழி மிஞ்சவில்லை. மிஞ்சியது கல்லும் எலும்பும் சில ரோமானிய, ஐரிஷ் ஏடுகளும்தான். அவற்றை வைத்துக்கொண்டு, மீதியைத் தாங்களே எழுதினார்கள். நம்முடைய வழிக்கும் அதற்கும் தொடர்பு தேடுவது வீண். இடைச்செருகலாக ஒன்று: அவர்கள் கதிர்த்திருப்பத்தை வானியல் கணக்குப்படி டிசம்பர் 21 அல்லது 22-இல் வைக்கிறார்கள். நாம் சூரியனின் வடதிசைப் பயணம் தொடங்குவதாகச் சொல்லும் தை முதல் நாளோ, நம் பஞ்சாங்கம் விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டிருப்பதால், மூன்று வாரங்களுக்கும் மேலாகத் தள்ளிப்போயிருக்கிறது. இரு தரப்பும் ஒன்றே என்கிறவர்கள் இதை எப்படிச் சமன் செய்வார்கள் என்று அறிய ஆவல்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதல்ல. படத்தின் கீழே, இது 20-ஆம் நூற்றாண்டில் உருவான சமயத்தவரின் சடங்கு என்று ஒரு வரி சேர்க்கலாம். ட்ரூயிட் வேறு, விக்கா வேறு என்பதைப் பிரித்து எழுதலாம். சூனியக்காரி என்ற சொல்லை, அவ்வாறு குற்றம் சாட்டிப் பெண்களைக் கொல்லும் கொடுமை இந்தியாவில் இன்னும் ஓயாத நிலையில், வேடிக்கைத் தலைப்புக்குப் பயன்படுத்துவதை நிறுத்தலாம். தங்கள் லண்டன் செய்தியாளர் வர விரும்பினால், எங்கள் மண்டபக் குழுவிடம் நான் பேசிப்பார்க்கிறேன். சடங்கின்போது படம் எடுக்க அவர்கள் சம்மதிக்கமாட்டார்கள். பெயர்களை வெளியிடவும் கூடாது. அதற்கு முந்தைய திட்டக் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்கிறார்கள். அது செப்டம்பர் இறுதியிலிருந்து வியாழக்கிழமை மாலைகளில் நடக்கும். வாகனம் நிறுத்த இடம் குறைவு, ரயிலில் வருவது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வில்ட்ஷயர், இங்கிலாந்து.